வரி விட்டுப்போன மொழிபெயர்ப்பு: பார்வை குறைந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் இரண்டு நூல்கள்

இது நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் நடந்தது. இதில் வரும் இரண்டு நூல்களுக்கும் பொறுப்பாசிரியர் நான்தான். மொழிபெயர்ப்பாளரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவருடைய பெயர், ஊர், நூல்களின் தலைப்பு எதுவும் இதில் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் இல்லை. வரைவை அவருக்கு அனுப்பினேன். முழுவதும் கேட்டுவிட்டு மூன்று இடத்தில் திருத்தம் சொன்னார். அதில் ஒன்று, நான் 'அவதிப்பட்டார்' என்று எழுதியிருந்த இடம். "எரிச்சல்பட்டேன்னு போடுங்க. அவதியெல்லாம் படல" என்றார். போட்டுவிட்டேன்.

பின்னணி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்பவர். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமலே தட்டுவார். நாங்கள் அவரிடம் போனதற்கு அவருடைய வேகமும் கலைச்சொல் ஒழுங்கும்தான் காரணம். ஒரு சொல்லை முதல் இயலில் ஒரு மாதிரியும் ஏழாம் இயலில் வேறு மாதிரியும் எழுதமாட்டார். தமிழில் அறிவியல் மொழிபெயர்ப்பைத் தொட்டவர்களுக்கு இது எவ்வளவு அரிது என்று தெரியும்.

எங்களுக்குத் தெரியாதிருந்தது, முப்பதுகளிலேயே அவருக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள் என்பது. சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். மரபுவழி வரும் விழித்திரைக் கோளாறு. மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்கள் முதலில் சாகும். அதனால் மாலைக்கண்ணில் தொடங்கும். பிறகு பார்வையின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சுருங்கிவரும். நடுப்பார்வை பல பேருக்கு வெகுகாலம் தாங்கும். இதுதான் வெளியில் இருப்பவர்களைக் குழப்புவது. இப்படிப்பட்டவர் பேருந்தின் படியைத் தவறவிடுவார், ஆனால் மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைப் படித்துவிடுவார். பார்ப்பவர்கள் நடிக்கிறார் என்பார்கள். எழுத்து எவ்வளவு கூர்மையாகத் தெரிந்தாலும், பார்வைப் புலம் மையத்தைச் சுற்றிப் பத்துப் பாகைக்குள் சுருங்கிவிட்டால் மருத்துவ வகைப்பாட்டில் அதைப் பார்வையின்மையோடுதான் சேர்க்கிறார்கள்.

தொழிலில் ஒருவரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. தாமே சில வழிகள் வைத்திருந்தார். மூல நூலைத் தாங்கியில் நிறுத்தி, கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்குச் சன்னல் வெட்டி, அதைப் பக்கத்தின் மேல் நகர்த்திப் படிப்பார். பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை. வேலைநேரம் குறையக் குறைய நூல்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார். குடும்பப் பொறுப்பு என்று சொல்லிவைத்தார்.

கவனித்தவை

முதல் நூல் வானிலை பற்றியது. மொழிபெயர்ப்பு வந்ததும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். மூன்றாம் இயலில் ஒரு வாக்கியத்தின் நடுப்பகுதி இல்லை. சொற்கள் இலக்கணப்படி ஒட்டியிருந்தன, பொருள்தான் தாவியது. சந்தேகப்பட்டு முழு இயலையும் ஒப்பிட்டேன். இன்னும் மூன்று இடம்.

நான்கிலும் விட்டுப்போனது கிட்டத்தட்ட ஒரே நீளம்: அச்சில் ஒரு வரி. நான்கில் மூன்றில், அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கின. ஓலைச்சுவடி பெயர்த்தெழுதியவர்கள் செய்த அதே பிழை. கண் ஒரு வரியின் முடிவிலிருந்து திரும்பி வரும்போது, படிக்க வேண்டிய வரியை விட்டு, அதே சொல்லில் தொடங்கும் அதற்கடுத்த வரியில் போய் இறங்கிவிடும். சுவடியோடு பழகிய எவருக்கும் இந்தத் தழும்பு தெரியும். எனக்கும் தெரிந்தது. அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தப்பு: அவசரத்தில் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வேறு சிலவும் இருந்தன. அன்று அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. மாலைக் கூட்டங்களுக்கு வரமாட்டார். ஒருமுறை அலுவலகத்தில் ஒப்பந்தத் தாளை அவருடைய இடப்பக்கத்திலிருந்து நீட்டினேன், வாங்கவே இல்லை. கோபம்போல என்று நினைத்தேன். கோப்பில் என் ஐயங்களை நிறம் பிரித்துக் குறிப்பது என் பழக்கம். சிவப்பு என்றால் நீக்கலாமா, பச்சை என்றால் சொல் சரியா, ஊதா என்றால் மூலத்தைப் பாருங்கள். பச்சையில் இருந்தவற்றில் பாதிக்குப் பதில் வரவில்லை. நிறத்தைப் பிரித்தறிவதே அவருக்குச் சிரமமாகிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடுமையான மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். நான்கு இடங்களையும் பட்டியலிட்டு, 'இந்த அளவு கவனக்குறைவை உங்களிடம் எதிர்பார்க்கவில்லை' என்று முடித்திருந்தேன்.

அவர் சொன்னது

இரண்டு நாள் கழித்து போன் செய்தார். நீளமான முன்னுரை எதுவும் இல்லை.

"சார், வரி விட்டுப்போனது கவனக்குறைவு இல்லீங்க. வரி முடிஞ்சதும் அடுத்த வரியோட ஆரம்பம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. தேடிக் கண்டுபிடிக்கிறேன். சில சமயம் தப்பான வரியக் கண்டுபிடிச்சுடுறேன்."

பிறகு ஆர்.பி. பற்றிச் சொன்னார். பதினைந்து நிமிடம் பேசியிருப்போம். முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லியிருந்தா இந்தப் புத்தகம் எனக்கு வந்திருக்குமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நேர்மையான பதில் என்ன என்பது இருவருக்கும் தெரியும்.

எங்கள் முதல் முடிவுகள்

அந்த வாரமே மூன்று முடிவு எடுத்தோம். மூன்றும் நல்லெண்ணத்தில் எடுத்தவை. மூன்றையும் அவரைக் கேட்காமல் எடுத்தோம்.

முதலாவது, மீதி இயல்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பினோம். 24 புள்ளி அளவு. பார்வை குறைந்தவர் என்றால் பெரிய எழுத்து என்பது எங்கள் தலையில் இருந்த ஒரே சூத்திரம். நடுப்பார்வை போய் ஓரப்பார்வை மிஞ்சியவர்களுக்கு அது உதவும். இவருக்கு நிலைமை தலைகீழ். தெரிவது ஒரு சிறிய வட்டம். எழுத்து பெரிதாகப் பெரிதாக அந்த வட்டத்துக்குள் அடங்கும் எழுத்துகள் குறையும். முன்பு ஒரே பார்வையில் ஒரு சொல் கிடைத்தது. இப்போது இரண்டு எழுத்து. திரையை உருப்பெருக்கினாலும் இதே கதைதான். 4 மடங்கு பெருக்கினால் ஒரு நேரத்தில் கண்ணில் படுவது திரையின் 16-இல் ஒரு பங்கு. கட்டாக வந்த தாள்களைக் கண்டு அவர் எதுவும் சொல்லவில்லை. ஓரமாக வைத்துவிட்டுப் பழைய புத்தகத்திலேயே தொடர்ந்திருக்கிறார்.

இரண்டாவது, விட்டுப்போன வரிகளைச் சரிபார்க்க ஓர் உதவியாளரை அமர்த்தினோம். அவருக்கான தொகையை மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்திலிருந்து கழித்தோம். கணக்குப் பிரிவு கேட்டது, நான் கையெழுத்திட்டேன். இதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய தவறு. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று மெய்ப்புப் படிக்கும் வேலையிலிருந்து, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் வேலையிலிருந்து, அவரை விலக்கினோம். பக்கம் கட்டிய பிறகு எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இருவர் மட்டும் பார்த்தார்கள். நல்ல கண், நல்ல தமிழ், இருவருக்கும். ஆனால் வானிலை அறிவியல் தெரியாது. ஓர் இயல் முழுவதும் காற்றைக் குறிக்கும் 'வளி' என்று வந்திருந்ததை ஒருவர் எழுத்துப்பிழை என்று நினைத்து 'வழி' என்று மாற்றினார். 'வளிமண்டலம்' பழகிய சொல் என்பதால் அது தப்பியது. 'வளி கீழிறங்கும்போது வெப்பமடைகிறது' என்பது 'வழி கீழிறங்கும்போது வெப்பமடைகிறது' என்று அச்சானது. இன்னொருவர் அந்த மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்தார்.

நூல் வெளிவந்து மூன்றாம் வாரம் ஓர் ஆசிரியர் எழுதிக் கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கும் அதே கடிதம் போயிருந்தது. அவர் எனக்கு எழுதிய பதில் ஒரே வரி: 'கண் தெரிந்தவர்கள் செய்த பிழைக்கு என் பெயர்.'

பிழைதிருத்தத் தாள் ஒன்று அச்சிட்டு நூலில் செருகினோம். கழித்த தொகையைத் திருப்பித் தந்தோம். இரண்டாவது நூலுக்கு அவர் ஒப்புக்கொண்டதற்கு அது காரணமில்லை. அவருக்கு வேலை தேவைப்பட்டது. அவரே சொன்னது.

இடைப்பட்ட ஏழு மாதம்

இந்த இடைவெளியில் அவர் திரைவாசிப்பான் பழகினார். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள். ஸ்க்ரீன் ரீடர் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்டது என்விடிஏ (NVDA). 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற நிரலர் தொடங்கியது, காசில்லாமல் கிடைக்கிறது. அதோடு வரும் இஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. இரும்பைத் தேய்த்ததுபோல் இருக்கும். முதல் வாரம் தலைவலி என்றார். இனிமையான குரல்களும் கிடைக்கின்றன, ஆனால் வேகத்தைக் கூட்டினால் அவை குழைந்துவிடுகின்றன. இரும்புக் குரல் எவ்வளவு விரட்டினாலும் உடையாது. பழகியவர்கள் அதை விட்டு வராததற்குக் காரணம் அதுதான்.

சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். பார்வையிழந்தபின் சொல்லி எழுதவைத்த ஆங்கிலக் கவி மில்டனைச் சொன்னார்கள், பார்வையற்ற தமிழ்ப் புலவர் அந்தகக்கவி வீரராகவரைச் சொன்னார்கள். 1955-இல் அர்ஜென்டினாவின் தேசிய நூலக இயக்குநரானபோது படிக்க முடியாத நிலையில் இருந்த எழுத்தாளர் போர்ஹெஸ் வரை வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அவங்கல்லாம் மனசுல இருந்து எழுதினவங்க. எனக்கு முன்னாடி ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கு, பின்னாடி கெடு இருக்கு." குரல்வழித் தட்டச்சையும் பார்த்தார். நிறுத்தற்குறி வரவில்லை, கலைச்சொற்கள் சிதைந்தன, பத்து நாளில் விட்டுவிட்டார். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, எதற்காகப் பேச வேண்டும் என்பது அவர் வாதம். சரியான வாதம்.

இரண்டாவது நூல்: கோப்பிலிருந்து தொடங்கினோம்

இந்த முறை அவரிடமே கேட்டோம். அவர் கேட்ட முதல் பொருள் எங்களைக் கொஞ்சம் திகைக்க வைத்தது: முதல் நூலின் பக்கம் கட்டிய பிடிஎஃப். எங்கே எது உடைகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

திறந்ததும் அவருடைய கணினி ஆங்கில எழுத்துகளைக் குதறிக் குதறிப் படித்தது. ஒரு சொல்லில் நின்று எழுத்தெழுத்தாகக் கேட்டார். 'எம், கே, செமி, கே, எச்' என்றது. அது 'அம்மா'. எங்கள் பக்க வடிவமைப்பாளர் பாமினி வகை எழுத்துருவில் வேலை செய்கிறார். அதில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. கண்ணுக்கு அம்மா, கணினிக்கு எம்-கே. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் செய்த வேறொரு பிடிஎஃபையும் கொடுத்துப் பார்த்தோம். அங்கே வேறு தொல்லை: 'கெ' என்பதில் கொம்பு முன்னால் வந்து ககரம் பின்னால் போயிருந்தது, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. அதையும் கேட்க முடியாது.

அதாவது, முதல் நூலில் நாங்கள் அவரை மெய்ப்பிலிருந்து விலக்காமல் இருந்திருந்தாலும், அன்று எங்களிடம் இருந்த கோப்பை அவரால் படித்திருக்க முடியாது. பல ஆண்டுகளாக எந்தப் பார்வையற்றவரும் படிக்க முடியாத கோப்புகளைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

வடிவமைப்பாளரிடம் யூனிகோடுக்கு மாறச் சொன்னோம். அவரிடம் இருந்த பழைய மென்பொருளில் யூனிகோட் தமிழ் உடைந்து வந்தது. சண்டை போடுவதில் பயனில்லை. பாதையை மாற்றினோம்: எல்லாத் திருத்தமும் வேர்ட் கோப்பில், யூனிகோடில், பக்கம் கட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பக்கம் கட்டியபின் எழும் ஐயங்கள் மட்டும் தனி உரைக்கோப்பில் அவருக்குப் போகும்.

மூல நூலுக்கும் இதே கேள்வி. அச்சு நூலைத் தந்து தொடங்கக்கூடாது என்று முடிவுசெய்து, உரிமை வாங்கும் ஒப்பந்தத்திலேயே இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு கேட்டோம். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களைப் படியெடுக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதை நாடவேண்டிய அவசியமே இல்லாமல், கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். இருபது ஆண்டில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இபப் வந்ததும் வரி தாவும் பிழைக்கு இடமே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் வரி என்று ஒன்று இல்லை. வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, வாக்கியம் வாக்கியமாகத் தட்டினார்.

குழுவில் யாருக்கு என்ன சொல்வது என்பதையும் அவரிடம் விட்டோம். முதல் நூலில் வடிவமைப்பாளருக்கு எதுவும் தெரியாது, அதனால் திருத்தங்களைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்த முறை மொழிபெயர்ப்பாளரே ஒரு குறிப்பு எழுதித் தந்தார். எல்லாருக்கும் அனுப்பினோம். அப்படியே தருகிறேன்:

'திருத்தத்தை நிறத்தால் காட்டாதீர்கள், எழுத்தால் சொல்லுங்கள். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பக்கம் 40, மேலிருந்து மூன்றாம் வரி என்பது எனக்குப் பயன்படாது. அந்த வரியின் முதல் ஐந்து சொற்களை எழுதுங்கள், தேடிக்கொள்கிறேன். நீக்கியதும் சேர்த்ததும் கலந்த கோப்பைக் கேட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருக்கும்; மாற்றங்களை ஏற்ற சுத்தமான கோப்பையும் உடன் அனுப்புங்கள். என் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் போனில் கேளுங்கள்.'

காதுக்கு அகப்படுவதும் கண்ணுக்கு அகப்படுவதும்

இந்த வழக்கில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இந்தப் பகுதி என்று நினைக்கிறேன்.

காதால் மெய்ப்புப் பார்க்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவருக்கும் இருந்தது. இன்றைய தமிழ் உச்சரிப்பில் ந, ன இரண்டுக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்றே. ர-ற, ல-ள-ழ, ன-ண எல்லாம் அந்த இரும்புக் குரலில் வேகமாக ஓடும்போது ஒன்றாகிவிடும். பனியும் பணியும், அரையும் அறையும், விலையும் விளையும். 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் உள்ள வேறுபாடு வேகத்தைக் குறைத்தால்தான் கேட்கும். ஆகவே ஓர் இயலைச் சோதனையாக எடுத்து, மெய்ப்புத் திருத்துநரும் இவரும் தனித்தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்தோம். ஒருவர் பட்டியலை மற்றவர் பார்க்கவில்லை.

இரண்டு பட்டியலையும் சேர்த்து வைத்தபோது பொதுவாக இருந்தவை மிகக் குறைவு. எதிர்பார்த்தபடி றகர ரகரமும் ஒற்றும் மேற்கோள் குறியும் திருத்துநர் பட்டியலில் இருந்தன. இவர் பட்டியலில் வேறு வகை இருந்தது: இரண்டு முறை வந்த 'என்று', விட்டுப்போன எதிர்மறை விகுதி, எழுவாய் ஒருமையிலும் பயனிலை பன்மையிலும் நின்ற வாக்கியங்கள். கண் வேகமாகப் படிக்கும்போது இவற்றைத் தானே சரிசெய்து படித்துவிடும். குரலுக்கு அந்தக் கருணை கிடையாது.

அதில் ஒன்று என்னை அசைத்தது. 'கௌரவம்' என்ற சொல்லில் பிழை என்று எழுதியிருந்தார். கோப்பைத் திறந்து பார்த்தேன். பிழை இல்லை. மறுபடி பார்த்தேன். போன் செய்தேன். "கெ-ள-ர-வ-ம்னு படிக்குது சார்" என்றார். ஔகார உயிர்க்குறிக்குப் பதிலாக யாரோ எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள். கெளரவம், கௌரவம்: கண்ணால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. இந்தக் கட்டுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இப்போதே வேறுபாடு தெரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழையைத் திருத்த வேண்டுமா என்று கேட்கலாம். மின்னூலில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும், கேட்டுப் படிப்பவருக்குச் சொல்லே உடையும். எங்கள் பழைய கோப்புகளில் தேடினோம். பௌர்ணமி, சௌகரியம், யௌவனம் என்று எங்கெங்கோ இருந்தன.

ஒலி ஒன்றாக இருக்கும் எழுத்துகளுக்கு அவர் கண்டுபிடித்த வழியையும் சொல்ல வேண்டும். என்விடிஏ-யில் எண் விசைத்தொகுதியின் 2-ஐ ஒருமுறை அழுத்தினால் நிற்கும் எழுத்தைச் சொல்லும். மூன்று முறை தொடர்ந்து அழுத்தினால் அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணைச் சொல்லும். ல 2994, ள 2995, ழ 2996. ர 2992, ற 2993. ந 2984, ன 2985. காது ஏமாறும், எண் ஏமாறாது. எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்ய முடியாது, பைத்தியம் பிடித்துவிடும். தம் கை வழக்கமாக எங்கே தவறுகிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அந்தச் சொற்களைத் தேடி, சந்தேகமானால் மட்டும் எண் கேட்பார். ஒருமுறை நான் போனில் இருந்தபோது 'கறை' என்ற சொல்லில் நின்றார். டொக் டொக் டொக் என்று விசைச் சத்தம். "தொண்ணூத்திமூணு. சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

பிரெயிலையும் தொடங்கியிருக்கிறார். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் ல என்பது ஆறு புள்ளியில் இடப்பக்க மூன்று, ள என்பது வலப்பக்க மூன்று. விரலுக்குக் குழப்பமே இல்லை. ஆனால் நாற்பதைத் தாண்டித் தொடங்கினால் வேகம் வர ஆண்டுகள் ஆகும். இப்போதைக்குச் சொல் சொல்லாகத்தான் தடவிப் படிக்கிறார். இந்த நூலில் அதன் பங்கு எதுவும் இல்லை.

சோதனைக்குப் பிறகு வேலையைப் பிழை வகைப்படி பிரித்தோம். சொல் விடுபடல், மீள்வரல், வாக்கிய அமைப்பு, கலைச்சொல், ஔகாரம் அவருடையது. ஒற்று, மயங்கொலி, குறிகள், பக்க அமைப்பு திருத்துநருடையது. ஒரு விதி சேர்த்தோம்: கலைச்சொல் எதையும் அவர் ஒப்புதல் இல்லாமல் யாரும் மாற்றக்கூடாது. வளி-வழி நினைவில் எழுதப்பட்ட விதி.

விளைவு

இரண்டாவது நூல் முதல் நூலைவிட ஆறு வாரம் அதிகம் எடுத்தது. அதில் பெரும்பகுதி கோப்பு வழியை மாற்றியதற்கே போனது. ஊதியத்தில் எந்தக் கழிவும் இல்லை. விட்டுப்போன வரி ஒன்றும் இல்லை; நான் முழு நூலையும் ஒப்பிட்டேன். நூலின் வாக்கியங்கள் முன்னைவிடக் குறுகியிருந்தன. நான் கேட்டதற்கு, நீள வாக்கியத்தைக் கேட்கும்போது வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துவிடுகிறது என்றார். வாசகர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல.

சரியாகாதவையும் உண்டு. வரைபடங்களில் உள்ள சொற்கள் படத்துக்குள் இருந்ததால் அவரால் பார்க்க முடியவில்லை. நான் தட்டித் தந்தேன், ஒன்றில் நானே தவறாகத் தட்டி அச்சிலும் வந்துவிட்டது. அட்டவணைகளைக் கேட்டுப் படிப்பது இன்னும் நரகம். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் காது மரத்துப்போகிறது, அதற்குப் பிறகு பார்த்த பக்கங்களில் பிழை கூடுகிறது. இதை அவரே கணக்குவைத்துச் சொன்னார். கெடுவை நாள்கணக்கில் போடும்போது இதை நாங்கள் இன்னும் சரியாகச் சேர்க்கவில்லை. மையப் பார்வையும் சென்ற ஆண்டிலிருந்து மங்குகிறது. திரையைப் பார்ப்பதை அநேகமாக நிறுத்திவிட்டார்.

இன்று செய்வதானால்

வரி விட்டுப்போன வடிவத்தைக் கண்ட அன்றே மின்னஞ்சல் எழுதாமல் போன் செய்திருப்பேன். ஒரே நீளத்தில் நான்கு விடுபடல் என்பது அவசரத்தின் அடையாளமில்லை. அவசரத்தில் செய்பவர் பத்தியைச் சுருக்குவார், அச்சு வரியை அளந்து விடமாட்டார். கையில் இருந்த சான்றை நான் படிக்கவில்லை.

பெரிய எழுத்து வேண்டுமா என்று கேட்டிருப்பேன். கேள்வி இன்னும் எளிதாக இருந்திருக்கலாம்: எந்த வடிவில் வேண்டும்?

அவர் சொல்லும்வரை காத்திராமல், எல்லா மொழிபெயர்ப்பாளரிடமும் தொடக்கத்திலேயே கோப்பு வடிவம், திருத்தம் தரும் முறை, வேலைநேரம் மூன்றையும் கேட்கும் தாளை இப்போது வைத்திருக்கிறோம். காரணம் எழுதும் கட்டம் அதில் இல்லை. முதலில் இருந்தது. 'காரணம் கேட்டா நான் இதை நிரப்பியிருக்க மாட்டேன்' என்று அவர் சொன்னதால் எடுத்தோம். தாள் வந்தபிறகு வேறு இருவர் நிறக்குறிப்பு வேண்டாம் என்று குறித்திருக்கிறார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பாமினியில் கிடக்கும் பழைய நூல்களை மறுபதிப்புக்கு முன் யூனிகோடுக்கு மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாற்றியபின் ஒருமுறை முழுவதும் கேட்டுப் பார்க்க வேண்டும், அதற்குத் தனி ஊதியம் வேண்டும் என்று அவர் மதிப்பீடு தந்திருக்கிறார். எங்கள் மெய்ப்பு ஊதியத்தைவிட அதிகம். கணக்குப் பிரிவு யோசிக்கிறது. அவர் விலையைக் குறைக்கவில்லை.